லினக்ஸுக்கு மாறலாமா? பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நண்பர்கள், உறவினர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் செயலவை ஆட்கள் என்று பலருடைய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன், இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் முதலில் இருந்தே படியுங்கள்.

"லினக்ஸ்னா என்ன அண்ணே? புது கம்ப்யூட்டரா, இல்ல ஒரு ஆப்பா?"

இரண்டும் இல்லை. உங்கள் கணினியில் இப்போது வின்டோஸ் இருக்கும் இடத்தில் உட்காரக்கூடிய இன்னொரு இயங்குதளம். அதன் மையப்பகுதியை, அதாவது கெர்னலை, 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதைச் சுற்றி மேசைத்திரை, உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாம் சேர்த்துக் கட்டி லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பல குழுக்கள் வெளியிடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் ஓடுவதும் இதே கெர்னல்தான், ஆக நீங்கள் ஏற்கெனவே பல வருடமாக லினக்ஸ் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

"சும்மா கொடுக்கிறாங்கன்னா எங்கேயோ ஒரு கொக்கி இருக்கும்ல?"

இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டதால் அவர்கள் இன்றுவரை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததே இரண்டாவதற்காகத்தான்: எதற்காக வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நான் உங்களுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது திருட்டுப் பிரதி இல்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, செலவை யார் ஏற்கிறார்கள்? கெர்னலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள், ஏனென்றால் அந்த நிறுவனங்களின் சொந்தத் தொழிலே லினக்ஸ் மேல் ஓடுகிறது. மின்ட் போன்ற சிறு குழுக்கள் நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும் நடக்கின்றன. உங்களுக்குப் பிடித்துப்போனால் வருடத்துக்கு ஒரு 20 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பிவையுங்கள், நான் அனுப்புகிறேன்.

"என் லேப்டாப்புக்கு வின்டோஸ் 11 வராதுன்னு சொல்லிருச்சு. தூக்கிப் போட்டுடவா?"

தயவுசெய்து வேண்டாம். வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வின்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்ளும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 போட்ட நல்ல இயந்திரங்கள் அப்படித்தான் ஒரே நாளில் பழசு ஆகிவிட்டன. அவற்றின் வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

லினக்ஸுக்கு டிபிஎம் கட்டாயம் இல்லை. 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 8 இருந்தால் உலாவியில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் திறந்துவைத்தாலும் நிம்மதியாக இருக்கலாம். இன்னும் சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். என் அனுபவத்தில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசம் காட்டியதில்லை.

"ஏகப்பட்ட லினக்ஸ் இருக்கே, எதை எடுக்கிறது?"

லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. இயந்திரம் ரொம்பப் பழசு என்றால் மின்ட்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட்டின் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மற்றவற்றையெல்லாம் ஒரு வருடம் கழித்து ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

"எதையும் அழிக்காம சும்மா ஓட்டிப் பார்க்க முடியுமா?"

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் கல்யாணப் படம் இருக்கும் பென்டிரைவ் வேண்டாம். மின்ட்டின் சொந்தத் தளத்தில் இருந்து நிறுவல் கோப்பை இறக்குங்கள், 3 ஜிபிக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்கியதும் அந்தத் தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் யாரோ மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பிறகு எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருளால் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதுங்கள்.

கணினியை முழுதாக அணைத்துவிட்டு, பென்டிரைவைச் செருகி, திறக்கும்போதே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஓரிரு நிமிடத்தில் மின்ட் மேசைத்திரை வந்துவிடும். இதை லைவ் முறை என்பார்கள். எல்லாம் ராமில்தான் ஓடுகிறது, திரையில் இருக்கும் 'இன்ஸ்டால்' படத்தை நீங்கள் அழுத்தாதவரை உங்கள் டிஸ்கை அது தொடாது. அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய வின்டோஸ் அப்படியே இருக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு வாரம் முழுக்க இப்படியே பென்டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்து நிறுவச் சொன்னார். அவர் செய்ததுதான் சரியான முறை.

"லைவ்ல போட்டாச்சு. இப்ப என்னத்தைப் பார்க்கணும்?"

அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வைஃபை சேருகிறதா, ஏதாவது ஒரு காணொளியை ஓட்டினால் சத்தம் வருகிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா, திரை வெளிச்சம் விசையால் கூடிக் குறைகிறதா, டச்பேடில் இரண்டு விரலால் உருட்ட முடிகிறதா. அப்புறம் எல்லாரும் மறப்பது ஒன்று: மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை திரும்பி வர வேண்டும், வைஃபை திரும்பிச் சேர வேண்டும். இதில் தடுமாறும் இயந்திரம் தினமும் உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' (புதிய பதிப்பில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்') என்று ஒன்று இருக்கும். அதில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் சரியான பெயரும், அதை எந்த டிரைவர் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஓட்டுகிறது என்பதும், பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எவ்வளவு என்பதும் வரிசையாக வரும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது "என் லேப்டாப்ல வைஃபை வரல" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அந்தப் படத்தை அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

"வைஃபை வரவே மாட்டேங்குது. லினக்ஸ் சரியில்லையா?"

பெரும்பாலும் சில்லு விஷயம். இன்டெல் வைஃபை சில்லு என்றால் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, சேர்த்ததும் ஓடும். மீடியாடெக்கின் புதியவையும் இப்போது நன்றாகவே ஓடுகின்றன. ரியல்டெக்கில் சில மாடல்கள் சமர்த்து, சில முரண்டு பிடிக்கும். பிராட்காம் என்றால் தனியாக மூடிய டிரைவர், அதாவது உள்ளே எழுதியிருப்பதை நிறுவனம் வெளியில் காட்டாத டிரைவர், நிறுவ வேண்டியிருக்கும். அதை நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு அதே டிரைவர் வேண்டும் என்று முழிப்பவர்களுக்கு: உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி வயரில் இணைத்து, ஃபோன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைத் திறந்துவிடுங்கள், கம்பி இணையம்போல உடனே வந்துவிடும். அதன் பிறகு மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய மடிக்கணினி என்றால் வைஃபை அட்டையையே மாற்றிவிடலாம், விரல் அகலத்தில் ஒரு சின்னப் பலகைதான், ஒரு திருகு, இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர். ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் இல்லாத அட்டையை பயாஸ் (கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்காதபடி பூட்டிவைத்திருக்கும், அட்டை வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்கு அப்படி ஒரு பூட்டு உண்டா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

"பழைய லேப்டாப் வாங்கலாமா? கொம்தார்ல பார்க்கவா, இல்ல கோலாலம்பூர் போறப்ப லோ யாட்ல பார்க்கவா?"

பினாங்கின் கொம்தார், கோலாலம்பூரின் லோ யாட் என்று எந்தக் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கினாலும் சரி, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். லினக்ஸுக்கு நான் முதலில் சொல்வதே பழைய அலுவலக மடிக்கணினிகளைத்தான்: லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். மூன்று நான்கு வருடம் ஏதாவது அலுவலகத்தில் ஓடிவிட்டுக் கும்பலாகச் சந்தைக்கு வருபவை. கடையில் பளபளப்பாக அடுக்கியிருக்கும் மலிவான புதுசைவிட இவற்றின் கட்டுமானம் உறுதி, ராமும் டிஸ்க்கும் பேட்டரியும் பல மாடல்களில் கழற்றி மாற்றலாம், முக்கியமாக லினக்ஸில் வேலை செய்யும் பொறியாளர்களே இவற்றைப் பயன்படுத்துவதால் டிரைவர் பிரச்சினை மிகக் குறைவு. எட்டாம் தலைமுறை இன்டெல் போட்ட திங்க்பேட் ஒன்றை ஆயிரம் வெள்ளிக்குள் வாங்கி என் தங்கை மகள் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்தாள், இப்போது டிப்ளோமா படிப்பும் அதிலேயே ஓடுகிறது.

கொம்தாரில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். "பென்டிரைவில் பூட் செய்து பார்க்கலாமா" என்று கேட்டதும் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். டிஸ்கைத் தொடமாட்டேன், பத்து நிமிடம்தான் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். எஃப்12 தட்டியதும் கடவுச்சொல் கேட்டது: பயாஸ் பூட்டு, முந்தைய நிறுவனம் எடுக்காமல் விட்டது. கடைக்காரருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அந்த இயந்திரத்தை வைத்துவிட்டு அதே விலைக்கு அடுத்ததைக் கொடுத்தார். பயாஸ் பூட்டை அவிழ்ப்பது பெரிய தலைவலி, அதனால் கடைக்குள் நிற்கும்போதே பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அப்புறம் மேலே சொன்ன லைவ் சோதனை முழுவதும், 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' பக்கத்தில் பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம், 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் டிஸ்கின் ஆரோக்கியம். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், யுஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பச்சைக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"புதுசாவே வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்குறது?"

உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் சோதித்துச் சான்று கொடுத்த மாடல்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருக்கிறது, லெனோவோ, டெல், ஹெச்பி மாடல்கள் நிறைய. முதலில் அதில் தேடுங்கள். வரைகலைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி இருந்தால் போதும், இரண்டுக்கும் டிரைவர் கெர்னலிலேயே திறந்த மூலமாக, அதாவது யாரும் உள்ளே பார்க்கக்கூடியபடி, இருக்கிறது. என்விடியாவை ஓட்டலாம், ஆனால் தனி டிரைவர், கெர்னல் மேம்படுத்தலின்போது சில சமயம் தகராறு, லைவில் கறுப்புத் திரை வந்தால் தொடக்கப் பட்டியலில் இருக்கும் 'கம்பாட்டிபிலிட்டி' வழியாக உள்ளே போக வேண்டும். விளையாட்டோ முப்பரிமாண வேலையோ இல்லாதவருக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்று, நேற்று சந்தைக்கு வந்த மாடலை வாங்காதீர்கள். புதுச் சில்லுகளுக்கான ஆதரவு கெர்னலில் ஏறி, அந்தக் கெர்னல் மின்ட்டுக்கு வந்துசேர சில மாதங்கள் ஆகும். ஒரு வருடம் பழகிய மாடல் என்றால் விலையும் இறங்கியிருக்கும். விரல்ரேகை உணரியை நம்பி வாங்க வேண்டாம், பாதிக்குமேல் ஓடாது என்று நினைத்துக்கொண்டே வாங்குங்கள், ஓடினால் லாபம்.

"பிரிண்டர் வேலை செய்யுமா?"

இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு மலிவு விலையில் ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன், பெயர் வேண்டாம், அந்த நிறுவனம் தன் சொந்த மொழியில் மட்டுமே பேசும் டிரைவர் கொடுத்தது, இரண்டு வாரம் மல்லுக்கட்டியும் ஒரு பக்கம் நேராக வரவில்லை. கடைசியில் வின்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கே கொடுத்துவிட்டேன்.

இன்று வழி எளிது. பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் ஃபோனுக்காக வந்த வசதி அது, ஆனால் அப்படிப்பட்ட பிரிண்டர்களை லினக்ஸ் டிரைவரே இல்லாமல் வீட்டு வைஃபையில் கண்டுபிடித்து அச்சடிக்கும். ஹெச்பிக்குத் தனியாக ஹெச்பிலிப் என்ற திறந்த மூலத் தொகுப்பு உண்டு, ஸ்கேனரும் சேர்ந்தே ஓடும். பிரதர், எப்சன் இரண்டும் லினக்ஸ் டிரைவர் வெளியிடுகின்றன.

"தமிழ்ல டைப் பண்ண முடியுமா? என்கிட்ட பழைய ஃபைல் எல்லாம் இருக்கு."

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு சொந்த உரிமையே உண்டு. 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் வரவைக்கும் அஞ்சல் முறையிலேயே இங்கே பலருடைய விரல்கள் பழகியிருக்கின்றன. லினக்ஸில் அதற்கு நெருக்கமானது 'ஃபொனெட்டிக்' என்ற தளக்கோலம், ஓரிரு எழுத்துக்கு விசை மாறும், இரண்டு நாளில் பழகிவிடும். தமிழ்99 தட்டுபவர்களுக்கு அதுவும் இருக்கிறது. 'சாஃப்ட்வேர் மேனேஜர்' உள்ளே ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, வெளியேறி மறுபடி உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். விசைப்பலகை அமைப்பிலும் தமிழ்99 என்ற பெயரில் ஒன்று தென்படும், பலர் அதைப் போட்டுவிட்டு "புள்ளி தானா விழ மாட்டேங்குது" என்று வருவார்கள். தமிழ்99-இல் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடு எழுத்தில் புள்ளி தானாக விழ வேண்டும். விசைக்கு எழுத்து என்று மட்டும் தெரிந்த அந்தத் தளக்கோலத்துக்கு இது தெரியாது, ஐபஸ் வழியாக வருவதற்குத் தெரியும். அதையே போடுங்கள்.

பழைய கோப்புகள்: யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும், வின்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அதே கதிதான். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு கோயிலின் இருபது வருட ஆண்டறிக்கைகளை அப்படி மாற்றினோம், அச்சில் மட்டும் மிஞ்சியிருந்தவற்றை ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற திறந்த மூல எழுத்துணரியில் கொடுத்தோம், அது தமிழ் படிக்கும். பிழை திருத்த ஆள் உட்கார வேண்டும்தான், ஆனாலும் மறுபடி முதலில் இருந்து தட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

"நான் அனுப்புற ஃபைல் பள்ளிக்கூடத்துல வேர்ட்ல திறக்குமா?"

திறக்கும். மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பு வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கவும் அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். வரிகள் இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம்: கலிப்ரி உங்களிடம் இல்லை, வேறு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்து அகலம் மாறிவிடுகிறது. கார்லிட்டோ என்ற எழுத்துரு கலிப்ரியின் அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்டது, நிறுவிவிட்டால் பக்கங்கள் ஒழுங்காக நிற்கும். அடுத்தவர் திருத்தத் தேவையில்லாத கடிதம், வினாத்தாள் எல்லாம் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். நிறைய மேக்ரோ எழுதிய எக்செல் கோப்பு என்றால் மட்டும் உறுதி சொல்ல மாட்டேன், சோதித்துப் பாருங்கள்.

"பேங்க், வருமான வரி, டெலிமா எல்லாம்?"

எல்லாம் உலாவிக்குள்தான் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமில் வங்கிப் பக்கம், வரி வாரியத்தின் மைடெக்ஸ், கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமா, கூகுள் கிளாஸ்ரூம், கேன்வா ஆகியவற்றை நான் அமைத்துக் கொடுத்தவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். வங்கி ஒப்புதல் எப்படியும் ஃபோனில்தானே வருகிறது. சூம் லினக்ஸுக்கே தனியாக இருக்கிறது.

"கடைக் கணக்கு சாஃப்ட்வேர், ஃபோட்டோஷாப், கேம்?"

இங்கே நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க் கடைகளில் ஓடும் கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் வின்டோஸுக்காக எழுதியவை. உங்கள் கணக்காளர் அதில்தான் கோப்பு கேட்கிறார் என்றால் அந்தக் கணினியை மாற்றாதீர்கள், கடையின் மற்றக் கணினிகளை மாற்றுங்கள். ஃபோட்டோஷாப் லினக்ஸுக்கு இல்லை. கிம்ப் நல்ல கருவி, 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது, படம் வரைபவர்களுக்குக் கிரிட்டா இன்னும் நல்லது, ஆனால் பத்து வருடம் ஃபோட்டோஷாப்பில் கை பழகிச் சம்பாதிப்பவரை நான் மாறச் சொல்ல மாட்டேன்.

கேம்களில் நிலைமை நிறைய மாறிவிட்டது. வால்வ் நிறுவனம் 2018-இல் வின்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் கொண்டுவந்த பிறகு அதன் கேம் கடையான ஸ்டீமில் உள்ள வின்டோஸ் கேம்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் கெர்னலுக்குள் இறங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ளவை ஓடா, வாலோரன்ட் அதில் ஒன்று. பையன் அதைத்தான் விளையாடுகிறான் என்றால் அவன் கணினியை விட்டுவிடுங்கள்.

"ரெண்டையும் ஒரே லேப்டாப்ல வச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளலாம், மூன்று விஷயத்தில் கவனமாக இருந்தால். முதலாவது பிட்லாக்கர். புது வின்டோஸ் மடிக்கணினிகளில் உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். நண்பர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அந்த நீலத்திரையைப் படம் எடுத்து அனுப்பினார், சாவி எந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மறுநாள் மதியம் ஆனது. முதலில் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள், கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள், பிறகு மற்ற வேலை.

இரண்டாவது, நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பகம் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ ஆக மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் வின்டோஸ் எழாது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்தவரோடு உட்காருங்கள்.

மூன்றாவது ஆபத்தில்லாதது, ஆனால் எல்லாரையும் பயமுறுத்துவது: லினக்ஸில் இருந்து வின்டோஸுக்குத் திரும்பினால் மாலை ஆறு மணிக்குக் காலை பத்து என்று காட்டும். சரியாக எட்டு மணி நேரம். கணினிக்குள் இருக்கும் சின்னக் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக வைக்கும், வின்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், நாம் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறோம். லினக்ஸிடம் "உள்ளூர் நேரத்திலேயே வை" என்று ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சில வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள், அது கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்கு. மலேசியாவில் அந்த வழக்கம் இல்லை, தாராளமாகச் செய்யலாம்.

"வைரஸ் வராதுன்னு சொல்றாங்க. ஆனா உள்ள இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சா திருடனுக்கும் தெரியுமே?"

வைரஸே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைவு, அவ்வளவுதான். போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. இணையத்தில் பார்த்த கட்டளையைப் புரியாமல் ஒட்டுவதும் அப்படித்தான். புதிதாக எதையாவது முயற்சி செய்வதற்கு முன் மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' திறந்து ஒரு நிலையைச் சேமித்துவையுங்கள், கெட்டுப்போனால் அந்த நாளுக்கே திரும்பிவிடலாம். ஆனால் அது உங்கள் சொந்தக் கோப்புகளுக்கான பிரதி இல்லை, அதற்கு வெளி டிஸ்க்தான்.

திருடனுக்கும் தெரியும் என்பது உண்மை. 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கக் கருவியில், இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் கள்ளக் கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவில் இருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார், மூலநிரலைத் தோண்டினார், கதவைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச்சேரவே இல்லை. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்த அரை நொடியைக் கவனித்தவருக்கு அதற்குமேல் தோண்ட வழி இருந்திருக்காது. அதே சமயம், அந்தக் கருவியைப் பல வருடமாக ஒரே ஒரு ஆள் சம்பளம் இல்லாமல் களைத்துப்போய்ப் பராமரித்துவந்தார், அதனால்தான் உதவிக்கு வந்தவர் எளிதாக உள்ளே நுழைந்தார். மேலே 20 வெள்ளி என்று சொன்னது இதற்காகவும்தான்.

"சரி அண்ணே, ஆனா சில்லுக்குள்ளேயே மூடிய சாஃப்ட்வேர் இருக்காமே. அப்ப இதுல என்ன கட்டற்றது?"

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெலின் முதல் ஆலை 1972-இல் இங்கேதான் வந்தது, ஆகவே இந்தக் கேள்வி இந்தத் தீவில் இருந்து வருவது பொருத்தம்தான். அவர் சொல்வது சரி. வைஃபை அட்டைக்கும் வரைகலைச் சில்லுக்கும் உள்ளே ஏற்றுகிற நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) பெரும்பாலும் மூடியது. இன்டெல் சில்லுத் தொகுப்புகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று தனியாக ஒரு குட்டிக் கணினியே ஓடுகிறது, அதன் மூலநிரல் வெளியாருக்குக் கிடைப்பதில்லை.

இதில் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூடிய நிலைப்பொருள் எதுவும் கூடாது என்பவர்கள் டிரிஸ்குவெல் போன்ற லினக்ஸைப் போடுகிறார்கள், திங்க்பேட் எக்ஸ்200 போன்ற பழைய இயந்திரத்தில் பயாஸையே எடுத்துவிட்டு லிப்ரேபூட் என்ற கட்டற்ற மாற்றைப் போடுகிறார்கள். டெபியன் பல வருடம் மூடிய நிலைப்பொருளை நிறுவல் கோப்புக்கு வெளியே வைத்திருந்தது, 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இருந்து உள்ளேயே சேர்த்துவிட்டது, ஏனென்றால் வைஃபை வராமல் முதல் நாளிலேயே திரும்பிப் போனவர்கள் அத்தனை பேர்.

நான் டெபியன் செய்தது சரி என்ற பக்கம். அந்தத் தம்பிக்கு எக்ஸ்200 ஒன்றைத் தேடிக் கொடுத்தேன், இப்போது அதில் லிப்ரேபூட் ஓடுகிறது, மாலையில் தன் குறிப்புகளை எழுதுவதற்கு மட்டும் அதைத் திறக்கிறார். அவருடைய அம்மாவின் மடிக்கணினியில் மின்ட் ஓடுகிறது, மூடிய வைஃபை நிலைப்பொருளோடு, தினமும் கோயில் கணக்கு எழுத.